நாளின் பேர் கொண்ட மரம்

பாண்டியன் அரண்மனை வாசலுக்கு மேலே கிடந்த ஒரு மரத்துக்கு, நெடுநல்வாடை என்ற பாட்டில் நக்கீரர் நேரடியாகப் பேர் சொல்லவில்லை. ‘நாளொடு பெயரிய கோளமை விழுமரத்து’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். நாள் என்றால் இங்கே நட்சத்திரம். நட்சத்திரம் ஒன்றின் பேரைத் தானும் வைத்திருக்கிற, பிடிப்பு நன்றாக அமைந்த, சிறந்த மரம். அசுவினி, பரணி என்று 27 நட்சத்திரங்களையும் சொல்லிக்கொண்டே வந்தால் பன்னிரண்டாவதில் விடை கிடைத்துவிடும். உத்திரம்.

சங்கப் பாட்டில் ஒரு தச்சுச் சொல்லை விடுகதையாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அந்தச் சொல் மீது தனிப் பிரியம். வீடு கட்டுகிறவர்களின் வாயிலிருந்து அது மெல்ல உதிர்ந்துகொண்டிருப்பதைக் கேட்கும்போது வருத்தமாகவும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெடுநல்வாடை மொத்தம் 188 அடி. போர்ப்பாசறையில் அரசன், அரண்மனையில் தனியாக அரசி, ஊரெல்லாம் வாடைக்காற்று. பாட்டு இவ்வளவுதான். ஆனால் அரசியிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் நக்கீரர் அந்த அரண்மனையை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறார். இரண்டு கோல் நட்டு, உச்சிவெயிலில் நிழல் ஒரு பக்கமும் சாயாத நேரம் பார்த்து, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். பிறகு வாசல். பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்கு பூசி, இரட்டைக் கதவு பொருத்துகிறார்கள். அதற்கு மேலேதான் நம் விழுமரம். அதில் மலர்ந்த குவளையும் பிடியானையும் செதுக்கியிருக்கிறது. ‘கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து’ என்று ஒரு வரி வருகிறது. கைதேர்ந்த வேலைக்காரன் இறுக முடுக்கியதால் இடுக்கே இல்லாமல் பொருந்திப் போயிற்றாம். இழைத்த இரண்டு மரம் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த ‘புரைதீர்ந்து’ என்ன என்று தெரியும். நகம் மாட்டக் கூடாது.

இந்தப் பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் மதுரைக்காரர். அவர்தான் விடுகதையை அவிழ்த்து, உத்தரம் என்னும் நாளின் பெயர் பெற்ற மரம் என்று எழுதிவைத்தார். குவளைக்கும் பிடிக்கும் நடுவே திருமகளையும் வைத்துப் பார்க்கிறார். நம்மூர்ப் பழைய வீடுகளில் நிலைக்கு மேலே இரண்டு யானைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் கஜலட்சுமியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்த உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சில் கொண்டுவந்தார். இல்லையென்றால் நமக்கு விடுகதையும் கிடைத்திருக்காது, விடையும் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘நாளொடு பெயரிய’ என்றவர் அடுத்த சொல்லே ‘கோளமை’ என்கிறார். கோள் என்பதற்கு இங்கே பொருள் கொள்ளுதல், பிடிப்பு. ஆனால் நாளும் கோளும் என்று ஜோடியாகச் சொல்லிப் பழகிய காதுக்கு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கிரகமும் வந்து நின்றுவிடுகிறது. தற்செயலாக வந்து விழுந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. தச்சனுடைய சொல்லைக் கையில் எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த கவிஞனின் வேலை அது.

சரி, உத்திரம் என்று ஏன் பேர் வந்தது? வடமொழியில் ‘உத்’ என்றால் மேலே. உத்தரம் என்றால் அதைவிட மேலே. உத்தமம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே. தோளுக்கு மேல் போடுகிற துணி உத்தரீயம் ஆனது இதனால்தான். தூணுக்கும் சுவருக்கும் மேலே ஏறிக் கிடக்கிற மரம் உத்தரம். மயமதம் போன்ற சிற்ப நூல்களிலும் தூணுக்கு மேலே வரும் குறுக்கு உறுப்புக்கு இதே பேர்தான். நட்சத்திரத்துக்கு வந்த கதை வேறு. உத்தரம் என்பதற்குப் பிந்தியது என்றும் ஒரு பொருள் உண்டு. பல்குனி என்று இரண்டு நட்சத்திரங்கள். முந்தியது பூர்வ பல்குனி, நம்முடைய பூரம். பிந்தியது உத்தர பல்குனி, நம்முடைய உத்திரம். உத்திராடமும் உத்திரட்டாதியும் இதே வழியில் வந்தவைதான். ஆக, மரத்தின் பேர் ‘மேலே’ என்பதிலிருந்தும் விண்மீனின் பேர் ‘பின்னே’ என்பதிலிருந்தும் கிளம்பி, தமிழுக்குள் வந்து ஒரே சொல்லாக நின்றன. ஏட்டில் உத்தரம் என்று இருந்தது பேச்சில் உத்திரம் ஆனபோதுகூட இரண்டும் சேர்ந்தே மாறின. பங்குனி உத்திரத்துக்குத் திருப்பரங்குன்றம் போய்விட்டு வந்து, ராத்திரி உத்திரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை தலைமுறை இருந்திருப்பார்கள்!

படுத்தவர்கள் என்று எழுதிவிட்டேன். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் திட்டியிருக்கும். உத்திரத்துக்கு நேர் கீழே தலை வைத்துப் படுக்க விடாது. “தள்ளிப் படுடா, தல பாரமா இருக்கும்” என்று பாயைப் பிடித்து இழுக்கும்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் பெரியப்பா வீடு. கட்டை அடுக்கின மெத்தை வீடு. முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகளுக்கு மேலே செங்கலை நெட்டுக்குத்தாக, கோணல் வாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். வீட்டுப் பங்குகள் பிரிந்து, யாராலும் பராமரிக்க முடியாமல் போய், போன வருடம் இறக்கினார்கள். கடப்பாரைக்காரர்கள் மேல்தளத்தைக் கொத்தி முடித்ததும் உத்திரங்களை இறக்குவதற்கென்று ஒரு மர ஆசாரியைக் கூட்டி வந்திருந்தார் பழைய மரம் வாங்குகிறவர். எழுபதை ஒட்டிய வயது. மேலே ஏறி நின்று ஒவ்வொரு உத்திரத்தையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்டச் சொன்னார்.

கயிற்றை நட்டநடுவில் கட்டித் தூக்கினார்கள். உத்திரம் சமமாக நிற்காமல் ஒரு பக்கம் தாழ்ந்தது.

“பாத்தீகளா தம்பி, தாழுதுல்ல, அதுதான் அடி. மேல தூக்குறது நுனி.”

“அறுத்துச் செதுக்கின மரத்துல கூடவாண்ணே அடி நுனி தெரியும்?”

“மரம் செத்தாலும் அடி அடிதான், நுனி நுனிதான். இந்தா, இந்தக் கணுவப் பாருங்க. கிளை எப்பவும் மேல பாத்துத்தானே கிளம்பும்? கணு சாஞ்சிருக்கிற பக்கம் நுனி. அடிய தெக்க வச்சு நுனிய வடக்க விடணும். இல்லன்னா அடி மேக்க, நுனி கெழக்க. இந்த வீட்டுல ஒண்ணுகூட மாறல.”

தரைக்கு வந்த பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கீழிருந்து கண்ணுக்குத் தெரிந்த மூன்று முகங்களும் இழைத்து வழவழவென்று இருந்தன. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வரி இழுத்திருந்தார்கள். கட்டைகளுக்கு அடியில் மறைந்து கிடந்த மேல் முகம் மட்டும் இழைப்புளியே பார்க்காதது. அதில் வாச்சி போட்ட தடம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வெட்டும் உள்ளங்கை அகலம், ஒன்றை ஒட்டி ஒன்று, ஒரே சாய்வில். வாச்சி என்பது வாய்ச்சி. மண்வெட்டி மாதிரி வாய் திரும்பிய செதுக்குக் கருவி. சுவருக்குள் செருகியிருந்த இரண்டு முனைகளும் கறுப்பு. கரையான் ஏறாமலும் ஈரம் குடிக்காமலும் இருக்கத் தார் பூசிச் செருகியிருக்கிறார்கள். ஆசாரி ஒரு முனையில் வாளால் ஒரு துண்டு அறுத்துக் காட்டினார். தார்க் கறுப்புக்கு உள்ளே பொன் நிறம். தேக்கெண்ணெய் வாசம் அந்தப் புழுதியிலும் மூக்கில் ஏறியது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் ஒன்று எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. உத்திரத்தை எப்போதும் குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி நிற்க வைப்பார்கள், படுக்க வைக்க மாட்டார்கள். அதில் கணு இருந்தால் அந்தப் பக்கத்தை மேலே திருப்புவார்கள். லேசாக வில் விழுந்த மரமாக இருந்தால் முதுகு மேலே. ஏன் என்று கேட்டால், “அப்பத்தான் நிக்கும்” என்பதுதான் அவருடைய பதில். காரணம் இயற்பியலில் இருக்கிறது. பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. மரம் பிளந்துகொள்வது இழுபடும் பக்கத்தில்தான். நார் ஓட்டத்தைக் கணு குறுக்கே மறிக்கும் இடம் பலவீனமானது, அது கீழே வரக் கூடாது. நிற்க வைப்பதற்கும் கணக்கு உண்டு. உடையாமல் தாங்கும் வலு உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். தொய்யாமல் நிற்கும் விறைப்பு மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4 அங்குலத்துக்கு 8 அங்குலம் உள்ள ஒரே மரத்தைப் படுக்க வைப்பதை விட நிற்க வைத்தால் வலு 2 மடங்கு, விறைப்பு 4 மடங்கு. அந்தச் சூத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒருவர் கணுவைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தைத் திருப்பிப் போடுகிறார். இந்த அறிவை நான் மனசார மதிக்கிறேன். அது அவரோடு போய்விடக் கூடாது என்று எனக்கு உண்மையாகவே பதற்றமாக இருக்கிறது.

மரத்தில் பிறந்த சொல் கல்லுக்கும் ஏறியது. கோயில் கட்டடத்தைப் பேசுகிறவர்கள் தூணுக்கு மேலே போதிகை, போதிகைக்கு மேலே உத்திரம், பிறகு வாஜனம், வலபி, கபோதம் என்று வரிசை சொல்வார்கள். எல்லாம் மரவேலையின் உறுப்புகள், கல்லில் நிற்கின்றன. ஆவுடையார்கோயில் கொடுங்கையில், அதாவது வெளியே வளைந்து இறங்கும் கூரையோரத்தில், கல்லிலேயே மரச்சட்டமும் ஆணியும் வைத்துக் காட்டியிருப்பதை எல்லோரும் வியப்பார்கள். பழைய தச்சனின் வேலையை விட மனமில்லாத சிற்பி செய்தது என்றுதான் அதை நான் பார்க்கிறேன்.

ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்கும் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதன் இழுவை வலு. கீழ்ப்பாதி இழுபடுவதுதான் உத்திரத்தின் பிழைப்பே என்னும்போது, கல் உத்திரத்தை நீளமாகப் போட முடியாது. தூணைக் கிட்டக் கிட்ட நட்டுத்தான் ஆக வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் அரியநாத முதலியார் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் எதற்கு என்று கேட்டால், அழகு ஒரு காரணம், ஆயிரம் என்ற எண்ணின் பெருமை ஒரு காரணம், கல் உத்திரம் எட்டிப்போக முடியாத தூரம் இன்னொரு காரணம். தூண் தலையிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டுகிற போதிகையும் அதற்காகவே இருக்கிறது. அந்தக் கை நீளும் அளவுக்கு உத்திரம் தாண்ட வேண்டிய தூரம் குறைகிறது. நாயக்கர் காலத்தில் அந்தக் கையின் நுனியில் மொட்டு தொங்கவிட்டார்கள். புதுமண்டபத்துக்குள் தையல் மெஷின்களும் பாத்திரக்கடைகளும் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில் தலையைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இப்போது போனால் அண்ணாந்து பாருங்கள். மொட்டு தெரியும், அதற்கு மேலே உத்திரம் தெரியும். புதுமண்டபத்தைக் கட்டிய அதே திருமலை நாயக்கர் தன்னுடைய மகாலில் உத்திரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு வளைவு எடுத்திருக்கிறார். வளைவில் எல்லாமே அமுங்கும், இழுபடுவதற்கு ஏதுமில்லை. அதனால்தான் அங்கே தூணுக்குத் தூண் அவ்வளவு விசாலம்.

உத்திரம் என்ற சொல்லை வீட்டுக் கூரையில் பார்க்காதவர்கள்கூட ஓரிடத்தில் கேட்டிருப்பார்கள். ‘நீ உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராமல், உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்க்கிறதென்ன?’ மத்தேயு சுவிசேஷம், மலைப்பிரசங்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து ஜெபக்கூட்டத்தில் இதைக் கேட்கும்போது கண்ணுக்குள் அவ்வளவு பெரிய மரம் எப்படி நுழையும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சொன்ன இயேசு மரவேலை செய்கிற வீட்டுப் பிள்ளை என்பதை நினைத்தால் எல்லாம் கூடிவருகிறது. அறுக்கும்போதும் செதுக்கும்போதும் கண்ணில் துரும்பு தெறிப்பது தச்சுப் பட்டறையில் அன்றாடம் நடப்பது. எதிரில் நிற்கிறவன் கண்ணில் துரும்பு, நம் கண்ணில் உத்திரம். பட்டறைக்குள்ளேயே கிடைக்கிற இரண்டு அளவுகளை எடுத்து வைத்திருக்கிறார்.

மாற்கு சுவிசேஷத்தில் ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்து ‘இவன் தச்சன் அல்லவா?’ என்கிறார்கள். மூலக் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது தெக்தோன் என்ற சொல். வடமொழித் தக்ஷன் அதற்கு ஒன்றுவிட்ட உறவு, இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்தத் தக்ஷன்தான் பிராகிருத வழியாக நம்மிடம் தச்சன் ஆனது. மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்து எழுதியிருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெருவில் கிடைத்த சொல்லே கிரேக்கச் சொல்லுக்குச் சொந்தமாக இருந்துவிட்டது. தச்சன் தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டவன். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த தேர்க்கால் என்று அதியமானைப் பாடுகிறார் ஔவை. ஒரு மாதம் ஒரே சக்கரத்துக்கு! கைவேலைக்குத் தமிழில் இதற்கு மேல் ஒரு மரியாதையை நான் படித்ததில்லை.

கூரையில் உத்திரத்தோடு கூடவே வரும் இன்னொரு பேர் விட்டம். குறுக்கே கிடப்பது என்ற நினைப்பில் வட்டத்தின் நடுவே போகும் கோட்டுக்கும் அந்தப் பேரே. வேலைவெட்டி இல்லாதவனை ‘விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்துக் கிடக்கான்’ என்கிறோம். கவலையில் தூக்கம் வராதவர்களும் விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெடுநல்வாடையின் அரசியும் கடைசியில் அப்படித்தான் கிடக்கிறாள். யானைத்தந்தக் கட்டில். அதில் ‘வல்லோன் கூருளிக் குயின்ற’ இலை வேலைப்பாடு. மேலே கட்டியிருக்கும் விதானத்தில் வானமண்டலத்தைத் தீட்டியிருக்கிறார்கள். அதில் சந்திரனை விட்டுப் பிரியாத உரோகிணியைப் பார்த்து அவள் நெடுமூச்சு விடுகிறாள். வாசல் மரத்தில் ஒரு நட்சத்திரத்தின் பேரை மறைத்துவைத்துவிட்டு, உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கைக்கு மேலே இன்னொரு நட்சத்திரத்தைக் காட்டுகிறார் நக்கீரர். தச்சு வேலையைத் தாண்டிக் குதித்து அரசியிடம் ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி பிடிபடாது.

பெரியப்பா வீடு நின்ற மனையில் இப்போது கான்கிரீட் வீடு எழும்புகிறது. அங்கே யாரும் உத்திரம் என்று சொல்வதில்லை. இன்ஜினியர், மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர், எல்லோருக்கும் பீம்தான். அந்த ஆங்கிலச் சொல்லும் முதலில் மரம் என்றே பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் மரத்துக்கு இன்றைக்கும் பௌம் என்ற அதன் உறவுச்சொல்தான் இருக்கிறது. அதனால் அந்தச் சொல் மீது எனக்குக் கோபமில்லை. கான்கிரீட்டும் கல்லின் குணம்தான், அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும். அதனால் கம்பியைக் கீழ்ப்பக்கம் கனமாகப் போடுகிறார்கள். கணுவை மேலே திருப்பிய ஆசாரி கவலைப்பட்டதும் அதே கீழ்ப்பக்கத்தைப் பற்றித்தான்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பீம் வரப்போகும் இடத்தில் முட்டு கொடுத்து, அடியில் ஒரு பலகையும் இரண்டு பக்கமும் பலகைகளும் அடிக்கிறார்கள். அந்தப் பலகை வேலை செய்தவர்களில் ஒருவர் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பா வாச்சி பிடித்தவராம், இவர் சென்ட்ரிங்குக்கு வந்துவிட்டார். பலகையை வைத்ததும் மட்டம் பார்த்தார், நடுவில் இருந்த முட்டுக்கட்டையை ஒரு நூல் அளவு ஏற்றிக் கொடுத்தார்.

“ஏண்ணே நடுவுல தூக்குறீங்க?”

“காங்கிரீட் பாரத்துக்குப் பலகை தொய்யும் தம்பி. கொஞ்சம் முதுகு கொடுத்து வச்சாத்தான் காஞ்சப்புறம் நேரா நிக்கும்.”

இதற்குப் பேர் என்ன என்று அடியில் கிடந்த பலகையைக் காட்டிக் கேட்டேன். பீம் பாட்டம் என்றார். அவருடைய அப்பா இதை என்னவென்று சொல்வார் என்று கேட்டதற்கு, அவர் காலத்தில் இது கிடையாதே, முழு மரத்தையே தூக்கி வைத்துவிடுவார்களே என்றார். என் நோட்டில் உத்திரம், கட்டை, போதிகை, அடி, நுனி, வாச்சி என்று போகும் வரிசைக்குக் கீழே பீம் பாட்டத்தையும் எழுதிக்கொண்டேன்.